ஆயில் குடிக்கும் பழைய டாட்சன்: முதலில் எந்தச் சோதனை?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்தில் பழைய டாட்சன் 1200, ஃபோர்டு கொர்ட்டினா, ஃபோக்ஸ்வேகன் பீட்டில் என்று ஒன்றைத் தேடிப்பிடித்து, துருப்பிடித்த தகரத்தை வெட்டி எறிந்து, பெயிண்ட் அடித்து, எஞ்சினையும் மறுபடி கட்டி ரோட்டில் இறக்குகிறவர்கள் பெரும்பாலும் சில மாதங்களில் ஒரே கேள்வியோடு வந்து நிற்கிறார்கள்: ஆயில் குறைகிறது, அல்லது ஆயில் பிரஷர் இறங்குகிறது, என்ன செய்வது? டர்பனுக்குள்ளேயே சாட்ஸ்வர்த்தில் ஒரு மாமாவைக் கேட்டால் கெட்டி ஆயில் ஊற்று என்பார். அங்கேயே ஃபீனிக்ஸில் ஒரு அண்ணன், சிலிண்டர் அழுத்தத்தை அளக்கிற கம்ப்ரஷன் டெஸ்ட் செய் என்பார். மூன்றாமவர் யோசிக்காமல் எஞ்சினை இறக்கு என்பார். இந்த வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். என் கட்சி எது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஆயில் பிரஷரை நேரே காட்டும் மெக்கானிக்கல் கேஜ் முதலில், சிலிண்டருக்குள் காற்றை விட்டுக் கசிவைப் பார்க்கும் லீக்-டவுன் அடுத்து, கம்ப்ரஷன் அதற்கும் பிறகு. கெட்டி ஆயிலுக்கு இந்த வரிசையில் இடமே கிடையாது.

ஆயில் குறைவதும் பிரஷர் குறைவதும் வேறு வேறு நோய் என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். லிட்டர் கணக்கில் ஆயில் குடிக்கிற எஞ்சினில் பிரஷர் அருமையாக இருக்கும். ஒரு சொட்டுகூட எரிக்காத எஞ்சினில் பேரிங் தேய்ந்து பிரஷர் தரைமட்டத்தில் கிடக்கும். ஒன்றுக்கு உரிய சோதனையை மற்றதற்குச் செய்து பணத்தை விடுகிறவர்கள்தான் அதிகம்.

காசில்லாத சோதனைகள் இரண்டு. மூக்கும் கண்ணும். டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, ஆயில் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறியிருந்தால், கேம் ஷாஃப்ட் தள்ளி ஓடுகிற பழைய மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பின் டயஃப்ரம் கிழிந்து, எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்புக்குள் பெட்ரோல் இறங்குகிறது என்று முதல் சந்தேகம் வைக்கலாம். கார்புரேட்டர் நிரம்பி வழிந்தாலும் இதேதான். அந்த ஆயில் தண்ணீர் மாதிரி ஆகியிருக்கும், சூட்டில் பிரஷர் விழும். பேரிங் போய்விட்டது என்று நினைத்து எஞ்சினைப் பிரித்தால் அது முழுக்க வீண் செலவு. பம்பை மாற்றி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினால் முடிந்துபோகும்.

கண்ணுக்கு உரியது புகை. இதற்கு நம் ஊரிலேயே நல்ல சோதனைக்கூடம் இருக்கிறது, எம்13 சாலையின் ஃபீல்ட்ஸ் ஹில். குளூஃப் பக்கமிருந்து பைன்டவுனுக்கு இறங்கும்போது மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுதாக விட்டுவிட்டு எஞ்சின் பிடிப்பிலேயே இறங்குங்கள். இன்டேக்கில் உறிஞ்சல் உச்சத்துக்குப் போகும், வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழலான வால்வு கைடு தேய்ந்திருந்தால் அதன் வழியே ஆயில் உள்ளே இழுபடும், கீழே வந்து மறுபடி மிதித்ததும் பின்னால் நீலப் புகை ஒரு மேகமாகக் கிளம்பும். ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனதும் ஒரு முறை நீலமாகத் துப்பிவிட்டு அடங்கினாலும் வால்வு சீல், கைடு பக்கம்தான் பார்க்க வேண்டும். இதற்கு நேர் எதிராக, மேட்டில் பாரம் இழுத்து ஏறும்போது விடாமல் நீலமாக வந்தால், பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் ரிங்கில்தான் குறை. பின்னால் இன்னொரு வண்டியில் ஒருவரை வரச் சொல்லுங்கள், கண்ணாடியில் பார்த்து நிறம் சொல்வது கஷ்டம்.

சரி, இப்போது பிரஷர். மூன்று சாட்சிகள் இருக்கிறார்கள்: சிவப்பு விளக்கு, டேஷ்போர்டில் இருக்கும் எலக்ட்ரிக் கேஜ், எஞ்சினில் நேரே குழாய் சொருகிப் பார்க்கும் மெக்கானிக்கல் கேஜ். சிவப்பு விளக்கின் சுவிட்ச் பெரும்பாலும் 0.3 முதல் 0.5 பார் அளவுக்கு விழுந்த பிறகுதான் எரியும், அதாவது வீடு எரிந்த பிறகு வருகிற ஃபயர் வண்டி. எலக்ட்ரிக் கேஜோ, எஞ்சினில் அழுத்தத்தை உணர்ந்து அனுப்பும் செண்டர் (sender), எர்த், வோல்டேஜ் ஸ்டெபிலைசர் மூன்றும் ஒழுங்காக இருந்தால்தான் உண்மை சொல்லும். ரீஸ்டோர் செய்த வண்டியில் எர்த் இடத்தையெல்லாம் புது பெயிண்ட் மூடியிருக்கும், ஆகவே அந்த முள்ளை நம்பி எஞ்சினுக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது. மெக்கானிக்கல் கேஜில் ஏமாற வழி குறைவு. ஒரே எச்சரிக்கை இழை. ஜப்பான் வண்டிகளில் வரும் பிரிட்டிஷ் டேப்பர் இழையும் அமெரிக்க டேப்பர் இழையும் எட்டில் ஒரு பங்கு அங்குல அளவில் கையில் பார்க்க ஒன்று போலவே இருக்கும், ஒன்றுக்கு அங்குலத்தில் 28 சுற்று, மற்றதற்கு 27. தவறானதை இறுக்கினால் பிளாக்கில் இருக்கிற இழை போய்விடும்.

கேஜை மாட்டிவிட்டு அரை மணி நேரம் ஓட்டி, ஆயில் நன்றாகச் சூடானபிறகு படியுங்கள். குளிர்ந்த எஞ்சினில் எல்லோருடைய வண்டியும் ஆரோக்கியம்தான். நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு 10 பிஎஸ்ஐ, சுமார் 0.7 பார் என்பது பட்டறைக் கணக்கு, உங்கள் வண்டியின் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுதான் கடைசிச் சொல். எண்ணைவிட முள் எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான் நிறைய விஷயம் இருக்கிறது. குளிரில் நன்றாக இருந்து சூட்டில் மட்டும் விழுந்தால் பேரிங் இடைவெளி, பம்ப் தேய்மானம், அல்லது மேலே சொன்ன பெட்ரோல் கலப்பு. குளிரிலும் சூட்டிலும் ஒரே மாதிரி தாழ்வாக நின்றால் அதிகப் பிரஷரை வெளியே விடும் ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். சுற்று ஏற ஏற முள்ளும் ஏறி, ஒரு கட்டத்துக்கு மேல் திடீரென்று கீழே வந்தால் சம்ப்புக்குள் இருக்கும் ஸ்ட்ரெய்னர், அதாவது பம்ப் ஆயிலை உறிஞ்சும் இடத்துச் சல்லடை, அடைத்திருக்கலாம். புதிதாகக் கட்டிய எஞ்சினில் இதற்கு வழக்கமான காரணம் கேஸ்கெட்டுக்குத் தாராளமாகப் பிதுக்கிய சிலிக்கான் பசை. உள்பக்கம் பிதுங்கிய துண்டு பிய்ந்து நேரே ஸ்ட்ரெய்னரில் போய் ஒட்டிக்கொள்ளும். வளைவிலும் பிரேக்கிலும் மட்டும் முள் ஆடினால் முதலில் ஆயில் மட்டத்தைப் பாருங்கள், அப்புறம் டிப்ஸ்டிக் அந்த எஞ்சினுக்கு உரியதுதானா என்றும் பாருங்கள்.

டாட்சன் 1200 வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு பெரிய வசதி. அதன் ஏ12 எஞ்சினில் ஆயில் பம்ப் பிளாக்குக்கு வெளியே மாட்டியிருக்கிறது. சம்ப்பைத் தொடாமலே கழற்றி, ரிலீஃப் ஸ்பிரிங்கையும் உள்ளே இருக்கும் இடைவெளியையும் அளந்துவிடலாம். அதே குடும்பத்து எஞ்சின் போட்ட நிஸ்ஸான் 1400 பக்கி (சின்ன பிக்கப் வண்டி) 2008 வரை பிரிட்டோரியா பக்கத்து ரோஸ்லினில் தயாரானதால் ஸ்பேர் பார்ட்ஸுக்கும் இன்னும் பஞ்சம் வரவில்லை.

இப்போது கெட்டி ஆயில் கட்சிக்கு வருவோம். 20டபிள்யூ-50 என்ற கெட்டி வகை ஆயிலை ஊற்றுவதைப் பற்றி எனக்கு எந்த மறுப்பும் இல்லை, மேனுவல் அதைச் சொன்னால் டர்பன் வெப்பத்துக்கு அது பொருத்தமான ஆயில். ஜோகன்னஸ்பர்க் இருக்கும் மேட்டுநிலமான ஹைவெல்ட்டின் குளிர்காலக் காலையில்கூட 20டபிள்யூ திணறாது, ஏனென்றால் அந்த வகை மைனஸ் 15 டிகிரி வரை எஞ்சினைச் சுற்றவிட வேண்டும் என்பதுதான் அளவுகோல். மறுப்பு எதற்கென்றால், பிரஷர் விழுந்த காரணம் தெரியாமல் அதைவிடக் கெட்டியானதையோ, டப்பாவில் விற்கும் தேன் போன்ற சேர்மானத்தையோ ஊற்றி முள்ளை மட்டும் மேலே தூக்கி வைப்பதற்கு. முள் காட்டுவது ஓட்டத்துக்கு உள்ள தடை. கெட்டி ஆயில் தடையைக் கூட்டுகிறது, அதனால் முள் ஏறுகிறது, பேரிங்குக்குப் போகும் ஆயில் அளவு அதனால் கூடிவிடாது. சில எஞ்சின்களில் இது நேரடியாகவே கெடுதல். கொர்ட்டினா எக்ஸ்ஆர்6-இல் வந்த 3 லிட்டர் எசெக்ஸ் வி6-இன் பலவீனம் எல்லோருக்கும் தெரியும், ஆயில் பம்பைச் சுற்றும் அறுகோணத் தண்டு முனை மழுங்கிப்போய் பிரஷர் ஒரே நொடியில் பூஜ்யமாகும். குளிர்ந்த கெட்டி ஆயில் அந்தத் தண்டின் மேல்தான் பாரம் ஏற்றுகிறது. பீட்டிலில் கதை வேறு: கெட்டியான ஆயில் ரிலீஃப் வால்வைத் தள்ளித் திறந்துகொண்டு ஆயில் கூலரைச் சுற்றி வேறு வழியில் போய்விடும். இரண்டரை லிட்டர் ஆயிலை வைத்துக்கொண்டு காற்றில் குளிர்கிற எஞ்சினுக்கு அது நல்லதல்ல.

எதிர்ப்பக்கம் புது கார்களுக்கான மெல்லிய ஆயில் 5டபிள்யூ-30 ஊற்றுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2004-இல் வந்த ஏபிஐ எஸ்எம் என்ற எஞ்சின் ஆயில் தரத்திலிருந்து இந்த மெல்லிய வகைகளில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, அதாவது வால்வை இயக்கும் கேமையும் அதில் உரசுகிற தட்டை டேப்பெட்டையும் காக்கும் ஸிங்க் சேர்மானத்துக்குக் கடிவாளம். ரோலர் டேப்பெட் எஞ்சினுக்கு அது போதும். நம் பழைய புஷ்ராட் எஞ்சினுக்கு, அதுவும் புது கேம் போட்டிருந்தால், நான் அதை ஊற்ற மாட்டேன். 20டபிள்யூ-50-க்கு அந்த உச்சவரம்பு கிடையாது.

ஆயில் எரிவதுதான் பிரச்சினை என்றால் கம்ப்ரஷன் டெஸ்டா, லீக்-டவுன் டெஸ்டா? கம்ப்ரஷன் கேஜ் மலிவு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, ஸ்டார்ட்டரில் சுற்றினால் எண் வந்துவிடும். எண் குறைவாக இருக்கும் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி சுற்றுங்கள், ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். ஆனால் அந்த எண் பேட்டரி, ஸ்டார்ட்டர் வேகம், கேம் வடிவம் எல்லாவற்றையும் பொறுத்து மாறும். இந்த நாட்டில் இன்னொன்றும் சேர்கிறது, உயரம். ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றே கூட. டர்பனில் 10 பார் காட்டிய அதே எஞ்சின் ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் இருக்கும் மச்சான் வீட்டு முற்றத்தில் 8.2 பார் அளவுதான் காட்டும், எஞ்சினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. டர்பனில் கட்டிய எஞ்சினை என்3 வழியாக வான் ரீனன் கணவாய் ஏறிக் கொண்டுபோய் அங்கே சோதித்துவிட்டு, கட்டினவரிடம் சண்டைக்குப் போனால் அது அநியாயம். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்று பார்ப்பதற்கு மட்டும் கம்ப்ரஷனை வைத்துக்கொள்ளுங்கள்.

லீக்-டவுனில் பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, கம்ப்ரசர் காற்றை உள்ளே விட்டு, எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்க்கிறோம். ஸ்டார்ட்டர் சேட்டை இல்லை, கடலோரமா மேட்டுநிலமா என்பதாலும் சதவீதம் பெரிதாக மாறாது. 10 சதவீதத்துக்குள் இருந்தால் சந்தோஷம், 20-ஐத் தாண்டினால் தேட வேண்டும். தேடுவதும் அங்கேயே நடக்கிறது, அதுதான் எனக்கு இதில் பிடித்தது. கார்புரேட்டரில் காதை வைத்து உஸ் சத்தம் கேட்டால் இன்லெட் வால்வு, சைலன்சர் குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் மூடியில் கேட்டால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். குறை என்னவென்றால் கம்ப்ரசர் வேண்டும், பிஸ்டன் உச்சியிலிருந்து நகராமல் காரைப் பிடித்து வைக்க இன்னொரு ஆள் வேண்டும்.

இரண்டுமே கண்டுபிடிக்காத ஒன்று இருக்கிறது, இங்கேதான் பலர் குழம்பிப்போகிறார்கள். ஆயிலைச் சுரண்டி இறக்கும் கீழ் ரிங் சிக்கிக்கொண்டிருந்தால், மேல் ரிங்குகள் காற்றை நன்றாகப் பிடிக்கும், இரண்டு சோதனையிலும் முழு மார்க் வரும், வண்டி மட்டும் ஆயில் குடித்துக்கொண்டே இருக்கும். வருஷக்கணக்கில் கொட்டகையில் நின்று, எஞ்சினைத் திறக்காமலே ரீஸ்டோர் செய்த வண்டிகளில் இதைச் சந்தேகப்பட வேண்டும். அப்போது மேட்டில் வரும் நீலப் புகையும் ஈரக்கரி படிந்த பிளக்கும்தான் சாட்சி.

ஆயிலை லேபுக்கு அனுப்புவதா, ஃபில்டரை வெட்டிப் பார்ப்பதா என்ற விவாதமும் உண்டு. பைன்டவுனில் ஆயிலைச் சோதிக்கும் வேர்செக் ஆய்வகம் இருப்பதால் நமக்கு இது எட்டுகிற தூரம்தான். செம்பும் ஈயமும் கூடினால் பேரிங், இரும்பு கூடினால் சிலிண்டர் அல்லது கேம், சிலிக்கான் கூடினால் ஏர் ஃபில்டரைத் தாண்டி வந்த மண், சோடியம் பெரும்பாலும் கூலண்ட். பெட்ரோல் கலப்பும் தெரிந்துவிடும். ஆனால் புதிதாகக் கட்டிய எஞ்சினின் முதல் ஆயிலில் எல்லா உலோகமும் கூடத்தான் இருக்கும், கேஸ்கெட் சிலிக்கான் பசையும் மண் போலவே அறிக்கையில் ஏறும். ஒரே ஒரு அறிக்கையை வைத்து எஞ்சினைப் பிரிக்காதீர்கள், ஆயில் மாற்றும்போதெல்லாம் அனுப்பி எண்கள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று பாருங்கள். அவசரத்துக்கு ஃபில்டர் வெட்டுவதே மேல். தாளை விரித்து வெயிலில் பிடித்தால் மஞ்சள் மினுமினுப்பு பேரிங், காந்தத்தில் ஒட்டுவது இரும்பு. லேபில் பொதுவாக அளப்பது கண்ணுக்குத் தெரியாத பொடித் துகள்களை, பெரிய செதில்கள் அதில் தப்பிவிடும். அவற்றை ஃபில்டர்தான் பிடித்து வைத்திருக்கும்.

டர்பன் ஈரக்காற்றுக்கு உரிய ஒரு பயமும் உண்டு, ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் போலப் படிவது. கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் குறுந்தூரம் போகிற வண்டியில் இது வெறும் நீராவி. ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டினால் போய்விடும். ரேடியேட்டரில் தண்ணீர் குறையாமல் மூடியில் மட்டும் இருந்தால் பதற வேண்டாம். தண்ணீர் குறைந்து, டிப்ஸ்டிக்கிலும் வெண்மை இருந்தால் ஓட்டாதீர்கள். ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீல மருந்து மஞ்சளானால் ஹெட் கேஸ்கெட் விஷயம் உறுதி.

கடைசியாக ஒழுக்கு. எஞ்சினைக் கழுவித் துடைத்து, முகப் பவுடர் தூவி, பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பது ஒரு வழி, ஆயிலில் சாயம் கலந்து அல்ட்ரா வயலட் டார்ச்சில் பார்ப்பது இன்னொன்று. மேலே ராக்கர் கவரில் கசிந்து பின்னால் வழிந்து வருவதையும் பின் சீல் ஒழுக்கையும் பிரித்துக் காட்டுவதில் சாயம் ஜெயிக்கும். மற்றதுக்குப் பவுடர் போதும். எந்த வழியில் பார்த்தாலும், முன்னாலும் பின்னாலும் ஒரே நேரத்தில் ஒழுகினால் சீல் வாங்கக் கடைக்குப் போகும் முன்பு எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாயைக் கழற்றி ஊதிப் பாருங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே ஏறும் காற்று எத்தனை புது சீல் போட்டாலும் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.