ஏழு வருஷ ஹார்ட் டிஸ்க்கும் ஒரு பிளெக்ஸ் கடையும்

திருநெல்வேலியிலிருந்து மச்சினன் போன வாரம் போன் போட்டான். "அத்தான், நீங்க வச்சிருக்கிற ஒரு டிபி ஹார்ட் டிஸ்க் விலை கொறஞ்சிருக்கு. வாங்கலாமா?" சட்டென்று பதில் வரவில்லை. கோபம் இன்னும் ஆறவில்லை.

வாங்கியது 2017-இல். அந்த மே மாதம்தான் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. அந்தப் பயத்தில் பேக்கப்புக்கென்று வாங்கினேன். தாராவி வீட்டுப் பரணிலிருந்து இரண்டு தடவை விழுந்திருக்கிறது, ஜூலை மழையில் பையோடு நனைந்திருக்கிறது. அசரவில்லை. கேபிள் முனை லேசாக ஆடும், சாய்த்து வைத்தால் சரி.

என் குறை ஒன்றே ஒன்றுதான்: புதிதாக எதையும் எழுதவிடாமல் தடுக்கிற பூட்டு இதற்குக் கிடையாது. பழைய ஃபிளாப்பியின் மூலையில் குட்டிக் கதவு ஒன்று உண்டு. அதைத் தள்ளி ஓட்டையைத் திறந்துவிட்டால் எந்த டிரைவும் அதில் ஒரு எழுத்து எழுதாது. கேமரா எஸ்டி கார்டில்கூட ஒரு லாக் இருக்கிறது (கார்டு ரீடர் மதித்தால்தான் அதற்கு மரியாதை, அது வேறு விஷயம்). ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியதில் அதுகூட இல்லை.

தங்கச்சி மகள் சடங்குக்கு பிளெக்ஸ் அடிக்க வேண்டும். தாய்மாமன் அவசரம், பென் டிரைவ் கிடைக்காமல் ஹார்ட் டிஸ்க்கையே கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வீட்டுக்கு வந்து செருகினால் எல்லா ஃபோல்டரின் மூலையிலும் ஒரு வளைந்த அம்புக்குறி. ஒவ்வொன்றும் 2 கேபி. கடைக் கம்ப்யூட்டரிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த ஷார்ட்கட் வைரஸ். அந்தப் பூட்டு இருந்திருந்தால் ஏறியிருக்காது. தெரியாமல் கிளிக் செய்தேன், ஃபோல்டர் வழக்கம்போலத் திறந்தது. அதுதான் அதன் சாமர்த்தியம்: முதலில் தன் ஸ்கிரிப்டை, அதாவது ஒரு குட்டி புரோகிராமை, ஓட்டிவிட்டு, அப்புறம் நிஜ ஃபோல்டரைக் காட்டும். லேப்டாப்பும் காலி.

மும்பையின் கம்ப்யூட்டர் கடைத்தெருவான லாமிங்டன் ரோட்டில் ஒரு கடைக்காரர் செருகிக்கூடப் பார்க்கவில்லை. ஃபார்மட் பண்ண வேண்டும், ரெகவரிக்கு ஒன்பதாயிரம் என்றார். எனக்கு ஒன்று உறுத்தியது. ஃபோல்டரெல்லாம் 2 கேபி என்றால், 640 ஜிபி நிரம்பியிருப்பதாக டிஸ்க் ஏன் காட்டுகிறது? எதுவும் அழியவில்லை, மறைந்துதான் இருக்கிறது. கிராண்ட் ரோடில் ஸ்லோ லோக்கல் பிடித்துத் திரும்பிவிட்டேன்.

விண்டோஸில் கட்டளை தட்டுகிற கமாண்ட் பிராம்ப்டில் அட்ரிப் என்ற கட்டளையைப் போட்டு, மைனஸ் ஹெச், மைனஸ் ஆர், மைனஸ் எஸ் என்று மறைப்பை நீக்கினேன். ஃபோல்டர்கள் வந்தன. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, மறுபடி அம்புக்குறி. மூன்று தடவை இப்படி. நோய் லேப்டாப்பில் இருக்க, நான் டிஸ்க்குக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஆபீஸ் சிஸ்டத்தில், விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய உபுண்டு லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றிவந்து, அதிலிருந்தே லேப்டாப்பை பூட் செய்தேன். விண்டோஸின் மறைப்பு முத்திரையை லினக்ஸ் சட்டையே செய்யாது. எல்லாம் அப்படியே இருந்தது, பொங்கலுக்குத் தெருவில் வரிசையாகப் பானை வைத்த போட்டோ உட்பட. போட்டோ, வீடியோ மட்டும் இன்னொரு டிஸ்க்குக்கு ஏற்றி, இதை ஃபார்மட் செய்து, லேப்டாப்பில் விண்டோஸைப் புதிதாகப் போட்டு முடிக்க ராத்திரி இரண்டு மணி. வான்னாக்ரை மாதிரிப் பூட்டுகிற ரகமாக இருந்திருந்தால் இந்த வித்தை எதுவும் பலித்திருக்காது.

ஏழு வருஷத்தில் ஒரு ஃபைலைக்கூடத் தொலைக்காத டிஸ்க். நாலு ஸ்டார் தரலாம். மனசு வரவில்லை, இரண்டுதான். மச்சினா, நீ வாங்கு. எனக்கும் சேர்த்து ஒன்று போடு, பணம் அனுப்பிவிடுகிறேன்.