கொழும்பு மொட்டை மாடியில் கணினித் தொலைநோக்கி: இரண்டு வருடப் பாவனைக்குப் பிறகு

முதல் இரவு அது என்னை இரண்டு மணித்தியாலம் அலைக்கழித்தது. இரண்டு நட்சத்திரங்களை அடையாளம் காட்டினால், அதாவது ஒருங்கமைத்தால், பிறகு கேட்டதையெல்லாம் மோட்டாரால் தானே தேடிப்போகும் தொலைநோக்கி இது. 2023 நவம்பர் 8ஆம் திகதி, வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மொட்டை மாடி, மழை விட்டு வானம் வெளித்திருந்த முன்னிரவு. கைக்கருவியின் சிவப்புத் திரை ஒரு பட்டியலைக் காட்டி, இதில் ஒரு நட்சத்திரத்தைத் தெரிவு செய்து நடுவுக்குக் கொண்டு வா என்றது. பட்டியலில் ஆர்க்டூரஸ், அன்டாரெஸ். அதாவது எங்கள் சுவாதியும் கேட்டையும். கடல் பக்கம் சுவாதியைத் தேடினேன், தெஹிவளைப் பக்கம் கேட்டையைத் தேடினேன், இரண்டும் இல்லை. கண்ணில் பட்ட ஏதோ ஒரு நட்சத்திரத்தை நடுவில் வைத்து அழுத்தினால், ஒருங்கமைப்பு தோல்வி என்று வந்தது. திரும்பச் செய்தேன், திரும்பவும் தோல்வி.

அடுத்த நாள்தான் விளங்கியது. திகதியை 08/11 என்று அடித்திருக்கிறேன். இந்தக் கருவி அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் வாசிக்கும், ஆகவே அதற்கு அன்று ஆகஸ்ட் 11. ஆகஸ்டில் இரவு எட்டு மணிக்குச் சுவாதி மேற்கேயும் கேட்டை தெற்கேயும் நிற்கும், நவம்பரில் அதே நேரம் இரண்டும் இறங்கிவிடும். நான் கொடுத்த திகதிக்குரிய வானத்தைத்தான் அது சரியாகத் தேடியது. எனக்கு அன்றைக்கே நாலு நட்சத்திரம் தெரிந்திருந்தால் பட்டியலைப் பார்த்தவுடனேயே திகதி பிழை என்று பிடித்திருப்பேன். இந்த வகைத் தொலைநோக்கியை வாங்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: கணினி இருக்கிறது, வானம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று நினைத்து வாங்க வேண்டாம்.

சரி, பொருளுக்கு வருவோம். 6 அங்குல ஷ்மிட்-காசக்ரெயின் (முன்னால் வில்லைத் தகடும் உள்ளே ஆடிகளும் கொண்ட வகை), அதாவது 150 மில்லிமீற்றர் விட்டம், 1500 மில்லிமீற்றர் குவியத்தூரம், ஒளி உள்ளே மடிந்து மடிந்து வருவதால் குழாய் மட்டும் குட்டையானது. ஒற்றைக் கை மாதிரி ஒரு தாங்கி அதைப் பிடித்திருக்கும், அதற்குள் இரண்டு மோட்டார்கள், கீழே இரும்பு முக்காலி. கூட வரும் 25 மில்லிமீற்றர் பார்வைத்துண்டில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) உருப்பெருக்கம் 60 மடங்கு. எல்லாம் சேர்த்து 14 கிலோ அளவில் வரும். ரொறன்ரோவிலிருந்து அத்தான் வந்தபோது தன் பொதியில் பாதியை விட்டுக்கொடுத்துக் கொண்டு வந்து தந்தார். இதே அமைப்பில் இரண்டு மூன்று நிறுவனங்கள் செய்கின்றன, நான் எழுதுவது அந்த வகைக்கே பொருந்தும் என்பதால் பெயர் போடவில்லை.

கொழும்பில் கணினி எதற்கு, கையால் திருப்பிப் பார்க்கக் கூடாதா என்று கேட்பார்கள். இருட்டான ஊர் என்றால் கையால் திருப்பிப் பார்ப்பதையே நானும் சொல்வேன். கிளிநொச்சிப் பக்கம் ஒரு வயல்கரையில் நின்றால் வழிகாட்டும் நட்சத்திரங்கள் கொட்டிக் கிடக்கும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிப் போகலாம். இங்கே காலி வீதி வெளிச்சமும் மண்டபங்களின் வெளிச்சமும் துறைமுகத்தின் மஞ்சள் புகையும் சேர்ந்து வானத்தைச் சாம்பலாக்கி வைத்திருக்கின்றன, நல்ல இரவில்கூட எண்ணிவிடக்கூடிய அளவு நட்சத்திரங்கள்தான் மிஞ்சும். அதற்கு மேல் முகில். ஒரு பக்கம் இருபது நிமிடம் திறக்கும், பிறகு மூடும். அந்த இருபது நிமிடத்துக்குள் தாவித் தாவித் தேடிக்கொண்டிருந்தால் தேடியது கிடைக்கும் நேரம் முகில் வந்துவிடும். மோட்டார் நேரே கொண்டுபோய் விடுகிறது, பிறகு பூமி சுழலச் சுழலத் தானே பின்தொடர்கிறது. அம்மா முழங்கால் வலியோடு படியேறி வரும் வரைக்கும் வியாழன் பார்வைத்துண்டின் நடுவிலேயே நிற்கிறது. எனக்கு இதன் பெரிய பெறுமதி அதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. பழைய முறைத் தாங்கிகளை வடதுருவ நட்சத்திரத்தை நோக்கிச் சரிசெய்ய வேண்டும். கொழும்பில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 7 பாகைதான், கட்டடங்களுக்கும் தூசிக்கும் பின்னால். நான் இதுவரை ஒருமுறைகூட இங்கிருந்து அதைக் கண்டதில்லை. மேல்-கீழ், இட-வலமாகத் திரும்பும் இந்தக் கணினித் தாங்கிக்குத் துருவம் தேவையில்லை, இரண்டு நட்சத்திரம் காட்டினால் போதும்.

அந்த இரண்டைக் காட்டுவதற்குள் சில விடயங்கள். திகதியைச் சொல்லிவிட்டேன். இடத்தை ஒருமுறை கொடுத்தால் நினைவில் வைத்திருக்கும்: வெள்ளவத்தைக்கு 6 பாகை 52 கலை வடக்கு, 79 பாகை 52 கலை கிழக்கு, கிழக்கு என்பதைக் கவனமாகப் பார்த்துப் போடுங்கள். கோடைகால நேரம் கேட்கும், அது இங்கே இல்லை. நேர வலயத்தில் ஐந்தரையைத் தேடிக்கொண்டிருப்பதை விட நான் செய்வது சர்வதேச நேரத்தை (UTC) அப்படியே கொடுப்பது. இரவு 8 மணி என்றால் 14:30, வலயம் பூச்சியம். இதில் ஒரு பொறி இருக்கிறது, நள்ளிரவு தாண்டி அதிகாலை ஐந்தரை வரைக்கும் சர்வதேசத் திகதி முந்தைய நாள்தான். முக்காலியை நீர்மட்டம் வைத்துச் சமப்படுத்துங்கள். அப்புறம் நட்சத்திரங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று நல்ல தூரத்தில் இருக்கட்டும்.

என் மகள் தரம் 6இல் படிக்கிறாள். கைக்கருவியில் வரும் பெயர்களுக்கு எதிரே எங்கள் பெயர்களை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறாள். ஆல்டெபரான் ரோகிணி, பெட்டல்ஜூஸ் திருவாதிரை, ரெகுலஸ் மகம், ஸ்பைகா சித்திரை, அல்டேர் திருவோணம், கனோபஸ் அகத்தியர். அப்பம்மா பஞ்சாங்கத்தில் இந்தப் பெயர்களோடுதான் வாழ்ந்தார், ஆனால் அவை வானத்தில் எங்கே என்று எங்களில் ஒருவருக்கும் காட்டித் தரப்படவில்லை. ஒரு இயந்திரத்துக்கு அடையாளம் காட்ட வேண்டிய கட்டாயத்தில் நாங்கள் அதைக் கற்றுக்கொண்டோம். இதற்காகவே இந்தத் தொலைநோக்கிக்கு நான் நன்றியாக இருக்கிறேன்.

என்ன தெரியும்? சந்திரன், சொல்லத் தேவையில்லை, வளர்பிறை எட்டாம் நாள் வாக்கில் நிழல்கோட்டருகே பள்ளங்களைப் பார்த்துக்கொண்டே ஒரு மணித்தியாலம் போய்விடும். வியாழனின் பட்டைகள் இரண்டும் நான்கு பெரிய நிலவுகளும் நகர வெளிச்சத்தால் கொஞ்சமும் குறைவதில்லை. கிரகங்களுக்குக் கொழும்பு நல்ல இடம் என்றுகூடச் சொல்வேன், நில நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அவை தலைக்கு மேலே ஏறுகின்றன, காற்றின் தடிப்பு குறைவு, உரு நடுங்குவது குறைவு. இரட்டை நட்சத்திரங்களும் அப்படித்தான். அல்பிரியோவின் பொன்னிறமும் நீலமும் மகளுக்கு வியாழனை விடப் பிடித்தவை. ஓரியன் நெபுலா என்ற வாயு முகில் சாம்பல் வானத்திலும் ஒரு மெல்லிய சிறகு மாதிரித் தெரிகிறது.

பிறகு ஒமேகா சென்டோரி. சித்திரை வருடப் பிறப்புக்குக் கொழும்பு காலியாகும் அந்த நாட்களில், நள்ளிரவை ஒட்டி அது தெற்கே 35 பாகை உயரத்தில் நிற்கும். சுமார் 17,000 ஒளியாண்டு தூரத்தில் ஒரு கோடி அளவு நட்சத்திரங்கள் ஒரே பந்தாக. முதலில் ஈரத்துணியால் துடைத்த தடம் போலத்தான் இருந்தது, கண் பழகப் பழக ஓரங்களில் மணல் மணலாகப் பிரிந்தது. ஐரோப்பாவில் பெரும்பாலானவர்களுக்கு இது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. எங்களுக்கு வருகிறது, நாங்கள் பார்ப்பதில்லை.

ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் 40,000 பொருட்கள் என்ற கணக்கை நம்பிக் காசு கொடுக்க வேண்டாம். அந்த எண்ணிக்கை நினைவகத்தில் இருப்பது உண்மை. கொழும்பில் ஒரு மங்கலான விண்மீன் பேரடையை (கலக்சி) கேட்டால் மோட்டார் சுழன்று போய் நிற்கும், வந்து சேர்ந்துவிட்டேன் என்று சொல்லும், நீங்கள் கண்ணை வைத்தால் வெறும் சாம்பல். இடம் சரி, வெளிச்சத்தைத்தான் எந்தக் கணினியாலும் அணைக்க முடியாது. என் குறிப்பேட்டில் இரண்டு வருடத்தில் உண்மையாகவே கண்டவை 63.

2025 செப்டம்பர் 20, புரட்டாதி முதற் சனி. அன்று காலை அம்மா கோயிலில் எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வந்திருந்தார். அடுத்த நாள் சனிக் கிரகம் எதிர்நிலை, அதாவது சூரியனுக்கு நேரெதிரே, பூமிக்குக் கிட்டத்தில், கூடவே அமாவாசை. இரவு பத்து மணிக்குக் கிழக்கே நன்றாக ஏறியிருந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் பார்வைத்துண்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று தயங்கினார்.

"சனீஸ்வரனை நேருக்கு நேர் நிண்டு பாக்கக் கூடாது எண்டு சொல்லுவினம் தம்பி."

"இது கண்ணாடியில பட்டுத் திரும்பி வாற வெளிச்சம் அம்மா. பக்கவாட்டிலதான் நிக்கிறியள்."

நான் சொன்னது உண்மைதான், இந்த வகைத் தொலைநோக்கியில் ஒரு சாய்வுக் கண்ணாடி ஒளியை மடித்துத் தருகிறது, பார்ப்பவர் கிரகத்தை நோக்கி நிற்பதில்லை. அவர் குனிந்தார். வளையம் அந்த வருடம் எங்கள் பக்கம் விளிம்பைக் காட்டிக்கொண்டிருந்ததால் ஊசியால் குத்திய முத்து மாதிரிதான் தெரியும், படங்களில் வரும் அகன்ற வளையம் இல்லை என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். கனநேரம் ஒன்றும் பேசவில்லை. நிமிர்ந்து, "பாவம், எவ்வளவு தூரத்தில தனிய நிக்குது" என்றார். 128 கோடி கிலோமீற்றர், ஒளிக்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும் என்று சொன்னேன். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் வானம் வெளித்தால் அவராகவே கேட்கிறார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பற்றரி முதலாவது. 8 சிறிய பற்றரிகளைக் கேட்கும், மோட்டார் அவற்றைக் குடித்துவிடும், எனக்கு இரண்டாம் இரவுக்குத் தாங்கவில்லை. 2022 கரண்ட் வெட்டுக் காலத்தில் வீட்டுக்கு வாங்கிய 12 வோல்ட் பற்றரி சும்மா கிடந்தது, இப்போது அதுதான் கொடுக்கிறேன், பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அந்தச் செருகி தளர்வானது, இருட்டில் யாருடைய காலாவது வயரில் பட்டால் மின் போய்விடும், ஒருங்கமைப்பும் போய்விடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். வயரைத் தாங்கியின் கையோடு நாடாவால் கட்டி வையுங்கள்.

அடுத்தது ஈரம், கொழும்பில் இதை எந்தக் கையேடும் சொல்லித் தராது. குளிர் நாட்டுக் கையேடுகள் தொலைநோக்கியை வெளியே வைத்து ஆறவிடச் சொல்லும். நாங்கள் செய்யக் கூடாதது ஏசி அறையில் வைத்திருந்து மொட்டை மாடிக்குத் தூக்கிப் போவது. குளிர்ந்த கண்ணாடி எங்கள் காற்றில் பட்டவுடன் ஐஸ் தண்ணீர்க் கிளாஸ் மாதிரி வியர்த்துவிடும், முன்கண்ணாடி முழுக்கப் புகார், அரை மணித்தியாலம் வீண். நான் ஏசி இல்லாத அறையில் மூடி போட்ட பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைக்கிறேன், நீலம் இளஞ்சிவப்பானால் மாற்றிவிடுவேன். கறுப்புப் பாயை வெட்டிக் குழாயின் வாயில் சுற்றிக்கொண்டால் பனியும் பக்கத்துத் தொடர்மாடி விளக்கும் ஒருமிக்க மறையும். கடற்காற்று உப்பு, கண்ணாடியை அடிக்கடி துடைக்கப் போகாதீர்கள், ஊதித் தூசியை அகற்றினால் போதும். பங்கசு பிடித்துவிட்டால் பூச்சு போய்விடும்.

பகலில் பிள்ளைகள் தனியே தொட விடாதீர்கள். முன்பக்கச் சூரிய வடிகட்டி இல்லாமல் சூரியன் பக்கம் திருப்பினால் கண் போய்விடும், இதில் இரண்டாவது சந்தர்ப்பம் கிடையாது.

வாங்குவதாக இருந்தால் மே மாதத்தில் வாங்க வேண்டாம், தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் பெட்டிக்குள்ளேயே மாதக்கணக்கில் கிடக்கும், அந்த ஏமாற்றத்திலேயே விற்றுவிடத் தோன்றும். மார்கழிக் கடைசியில் கையில் இருக்கட்டும். தை, மாசி இரவுகள்தான் இங்கே நல்லவை. ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருங்கள். அந்த இரவுகளில் திருவாதிரை கொழும்பின் உச்சிக்கே வந்துவிடும், அதன் பாதைக்கும் எங்கள் தலைக்கும் இடையில் அரைப் பாகைதான் வித்தியாசம். இந்தத் தாங்கியால் நேர் உச்சியில் மட்டும் ஒழுங்காகப் பின்தொடர முடியாது, மோட்டார் வட்டமடிக்கும், நட்சத்திரம் நழுவிப் போகும். ஒரு மணித்தியாலம் முந்திப் பாருங்கள், அல்லது ஒரு மணித்தியாலம் கழித்து.