அண்டர்வேர்ல்ட் (1927): அம்மாவுக்கு வாசித்துக் காட்டியது

மௌனப் படம் என்றால் ஆட்கள் குடுகுடுவென்று ஓடி வழுக்கி விழுவார்கள் என்றுதான் அம்மா நினைத்திருந்தாள். ஆங்கிலம் வராது என்பதால், எழுத்து அட்டைகளை நான் வாசித்துச் சொல்வதாக ஏற்பாடு. இருபது நிமிடம் தாண்டியதும், “நீ சும்மா இரு, புரியுது” என்றாள்.

வங்கிக்குக் குண்டு வைத்துவிட்டு வரும் ரௌடி புல் வீட், தன்னைப் பார்த்துவிட்ட குடிகாரன் ஒருவனையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறான். அந்தக் குடிகாரன் முன்னாள் வக்கீல். வாயைத் திறக்காமல் இருப்பதில் நான் ரோல்ஸ் ராய்ஸ் என்கிறான். அதுவே அவன் பெயராகிவிடுகிறது.

மதுக்கூடத்தில் அவன் தரை பெருக்கும்போது, மாடிப்படியில் நிற்கும் ஃபெதர்ஸின் ஆடையிலிருந்து ஒரு இறகு ஆடி ஆடிக் கீழே வருகிறது. அவன் நிமிர்ந்து பார்க்கிறான். “போச்சு, விழுந்துட்டான்” என்றாள் அம்மா. ஃபெதர்ஸ், புல் வீடின் காதலி. அங்கேயே புல் வீடின் எதிரி பக் மல்லிகன் பத்து டாலர் நோட்டை எச்சில் படிக்கத்தில் போட்டு, ரோல்ஸ் ராய்ஸிடம் எடுத்துக்கொள் என்கிறான். வறுமையில் கிடந்தும் இவன் தொடவில்லை. இயக்குநர் ஜோசப் வான் ஸ்டெர்ன்பெர்க் இப்படிப் பொருள்களை வைத்தே ஆட்களைக் காட்டிவிடுகிறார்.

மல்லிகனுக்கு வெளிவேஷம் பூக்கடை. கதை எழுதிய பென் ஹெக்ட் சிகாகோவில் நிருபராக இருந்தவர், இந்த மாதிரி விஷயங்கள் தெரிந்திருக்கும். முதல் ஆஸ்கர் விழாவில் இந்தக் கதைக்குத்தான் விருது வாங்கினார். புல் வீடாக வரும் ஜார்ஜ் பான்கிராஃப்ட் சிரிக்கும்போது, சத்தத்தைக் குறைக்க நான் ரிமோட்டைத் தேடினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறையும் உண்டு. லாரி சீமன் செய்யும் எடுபிடி வேடத்தின் கோமாளித்தனம் சீக்கிரமே சலிக்கிறது. பிடிபட்ட புல் வீடைச் சவ வண்டியை வைத்துச் சிறையிலிருந்து தப்பிக்க வைக்கப் போடும் திட்டம் எனக்குப் பாதியில் குழம்பிவிட்டது. இரண்டாம் முறை பார்த்துத்தான் பிடிபட்டது.

பழைய படங்களை வெளியிடும் கிரைட்டீரியன் நிறுவனத்தின் டிவிடியில் இரண்டு பின்னணி இசைகள் இருக்கின்றன. அல்லாய் ஆர்கெஸ்ட்ராவுடையதில் தாள வாத்தியங்கள் தூக்கல். அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். ராபர்ட் இஸ்ரேலின் இசைக்கு மாற்றிய பிறகுதான் நிம்மதி.

அப்புறம் அந்தப் பூனைக்குட்டி. போலீஸ் தேடும்போது ஒளிந்திருக்கும் புல் வீட், விரலைப் பாலில் தோய்த்து அதற்கு ஊட்டுகிறான்.

“இவனை விட்டுடக் கூடாதா?” என்றாள் அம்மா. கொலை செய்ததை அவளும் பார்த்தவள்தான்.