திரை கிழிகிறதா? டிரைவரா, கம்பாசிட்டரா, பிளேயரா, வேலண்டா

படத்தில் பேருந்து ஓடுகிறது. ஜன்னலுக்கு வெளியே மின்கம்பங்கள் வரிசையாகப் பின்னால் போகின்றன. நடுவில் ஒரு கம்பம் மட்டும் இடுப்பில் வெட்டுப்பட்ட மாதிரி மேல்பாதி ஓரிடத்திலும் கீழ்பாதி விரற்கடை தள்ளியும் நிற்கிறது. கண் சிமிட்டுவதற்குள் ஒட்டிக்கொள்கிறது. 1080பி கோப்பு, அதே கோப்பு போனில் சுத்தமாக ஓடுகிறது. இதுதான் ஸ்கிரீன் டேரிங். இருவர் உட்கார்ந்து பேசும் காட்சியில் இது தெரியாது. கேமரா பக்கவாட்டில் திரும்பினால்தான் காட்டிக்கொடுக்கும்.

திரை ஒரு ஃபிரேமை, அதாவது வீடியோவின் ஒரு தனிப் படத்தை, ஒரே அடியாகக் காட்டுவதில்லை. மேலிருந்து கீழாக வரிவரியாக வாசித்துக்கொண்டு போகிறது. 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 சுற்று) திரைக்கு ஒரு சுற்று முடிய சுமார் 16.7 மில்லிசெகண்ட். பாதி வாசிப்பில் இருக்கும்போது நினைவகத்தில் இருந்த படத்தை மாற்றிவிட்டால், மேலே பழைய ஃபிரேம், கீழே புதிய ஃபிரேம். எல்லாத் தீர்வுகளும் செய்வது ஒரே வேலைதான்: ஒரு சுற்று முடியும்வரை புதிய ஃபிரேமை வாசலில் நிறுத்திவைப்பது. அந்தக் காவலை யாரிடம் கொடுப்பது என்பதில்தான் போட்டி.

அலசலுக்குள் போகுமுன் ஒரு சோதனை. கோடு விழாமல் படம் தத்தித் தத்தி நகர்ந்தால் அது டேரிங் இல்லை. ஃபிரேம்கள் விடுபடுகின்றன, வீடியோவைப் பிரிக்கும் வேலையில் பிராசஸர் திணறுகிறது என்று பொருள். அதற்கு மருந்து ஹார்டுவேர் டிகோடிங், அதாவது அந்த வேலையைக் கிராஃபிக்ஸ் சிப்பிடம் ஒப்படைப்பது. டேரிங்குக்கு ஹார்டுவேர் டிகோடிங்கைப் போடச் சொல்வது பல்வலிக்குக் கண்ணாடி மாற்றச் சொல்வது மாதிரி.

விண்டோஸ்காரர்களுக்கு இங்கே தேர்ந்தெடுக்க அதிகம் இல்லை. எல்லா ஜன்னல்களையும் சேர்த்து ஒரே படமாக்கித் திரைக்கு அனுப்பும் மென்பொருள்தான் கம்பாசிட்டர். விண்டோஸ் 8 முதல் அதை நிறுத்தவே முடியாது. அதுவே காவல் காக்கும். விண்டோஸ் 7இல் ஏரோ தீமை அணைத்தால் கிழியும், போட்டால் சரியாகும். அதையும் மீறிக் கிழிந்தால் கிராஃபிக்ஸ் டிரைவரை (கிராஃபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருள்) புதுப்பித்துப் பாருங்கள். உண்மையான குழப்பம் லினக்ஸில், அதுவும் திரையை நிர்வகிக்கும் பழைய மென்பொருளான எக்ஸார்க் மேல் ஓடும் டெஸ்க்டாப்புகளில். எனவே இனி அதைப் பற்றியே.

டிரைவரும் கம்பாசிட்டரும்

டிரைவரில் சரிசெய்வது காவலைத் திரைக்கு மிக அருகில் வைப்பது. இன்டெல், ஏஎம்டி எக்ஸார்க் டிரைவர்கள் இரண்டிலும் இதற்குப் பெயர் டேர்ஃப்ரீ. ஏஎம்டியில் எக்ஸ்ரேண்டர் கட்டளையாலேயே போட்டுப் பார்க்கலாம். கணினியை மறுபடி தொடங்க வேண்டாம். சரியாக இருந்தால் பிறகு கான்ஃபிக் கோப்பில் (அமைப்புகளை எழுதிவைக்கும் கோப்பு) எழுதி நிரந்தரமாக்கலாம். என்விடியாவில் அதன் செட்டிங்ஸ் பக்கத்தில், டிஸ்பிளே பகுதியின் அட்வான்ஸ்டு பொத்தானுக்குள் ‘ஃபோர்ஸ் ஃபுல் கம்போசிஷன் பைப்லைன்’ என்று ஒரு டிக் உண்டு. டிக் போட்டதோடு விட்டால் அடுத்த முறை கணினியைத் திறக்கும்போது போயிருக்கும். கான்ஃபிக் கோப்பாகச் சேமிக்க வேண்டும்.

இன்டெலில்தான் ஒரு பள்ளம். பழைய குறிப்புகளைப் பார்த்து டேர்ஃப்ரீ கோப்பை அப்படியே ஒட்டுகிறவர்கள் அதில் விழுகிறார்கள். 2016 முதல் டெபியன் போன்ற லினக்ஸ் வகைகள் 2007க்குப் பிந்தைய இன்டெல் கிராஃபிக்ஸுக்கு மோட்செட்டிங் என்ற பொது டிரைவரையே எடுத்துக்கொள்கின்றன. கோப்பில் இன்டெல் டிரைவர் என்று எழுதிவிட்டு அந்தப் பேக்கேஜை நிறுவாமல் விட்டால் மிஞ்சுவது கறுப்புத் திரை. மோட்செட்டிங்கிலோ டேர்ஃப்ரீ வெகுகாலம் கிடையாது. கான்ஃபிக் கோப்பைத் தொடுமுன் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி எழுத்து முனையத்துக்கு வந்து போகப் பழகிக்கொள்ளுங்கள். கோப்பை அழித்து மீள அதுதான் வழி.

டிரைவர் வழியின் பெரிய லாபம், மேலே எந்த மென்பொருள் ஓடினாலும் கவலையில்லை என்பது. பிரவுசரில் யூடியூப், விஎல்சி, எதுவானாலும் ஒரே காவல். விலை, கொஞ்சம் நினைவகமும் ஒரு ஃபிரேம் அளவு தாமதமும். விளையாடுகிறவர்கள் அந்தத் தாமதத்தை உணர்வார்கள். படம் பார்க்கிறவருக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

கம்பாசிட்டர் வழி இதைவிட எளிது, ஆனால் நம்பகம் குறைவு. எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பின் 4.14 பதிப்பில், அதாவது 2019இல், அதன் சொந்தக் கம்பாசிட்டருக்கே திரையோடு ஒத்துப்போகும் திறன் வந்தது. முழு டெஸ்க்டாப் இல்லாமல் ஜன்னல்களை மட்டும் நிர்வகிக்கும் சிறிய விண்டோ மேனேஜர் வைத்திருப்பவர்கள் பிகாம் போடுவார்கள் (படிப்பு அல்ல, தனிக் கம்பாசிட்டர் மென்பொருள்). அதன் அமைப்புகளில் ஜிஎல்எக்ஸ் பேக்எண்டும் விசிங்கும் (திரையின் சுற்றுக்குக் காத்திருக்கும் வசதி) போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

‘பெரும்பாலும்’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஜன்னலாகப் பார்க்கும்போது சுத்தமாக ஓடி, முழுத்திரைக்குப் போனதும் கிழிகிறதா? கம்பாசிட்டர் விலகிக்கொண்டுவிட்டது. வேகம் மிச்சம் என்று முழுத்திரை மென்பொருளைத் தானே திரையோடு பேச விட்டுவிடும் ஒரு வசதி பலவற்றில் உண்டு. எக்ஸ்எஃப்சிஇயில் விண்டோ மேனேஜர் ட்வீக்ஸில் கம்பாசிட்டர் தாவலில் அந்த டிக் இருக்கிறது. கேடிஇ டெஸ்க்டாப்பில் ‘கம்பாசிட்டிங்கை நிறுத்த மென்பொருள்களை அனுமதி’ என்ற பொருளில் இருக்கும். டிக்கை எடுத்துவிட்டுப் பாருங்கள். என் வீட்டுக் கூடத்து டிவியோடு இணைத்த பழைய கணினியில் இரண்டு வாரம் டிரைவர் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் குற்றவாளி இந்த ஒரு டிக்.

இரண்டு திரை வைத்திருந்தால் கம்பாசிட்டர் வழி இன்னும் பலவீனம். மடிக்கணினி 60 ஹெர்ட்ஸ், டிவி 50 ஹெர்ட்ஸ் என்று இருந்தால், எக்ஸார்க்கில் அது ஒன்றின் தாளத்துக்குத்தான் ஆடும்.

பிளேயர்

பிளேயரை மட்டும் மாற்றி டேரிங்கை விரட்ட முடியுமா? முடியும், அந்தப் பிளேயருக்குள் மட்டும். எம்பிவி என்ற பிளேயர், கிராஃபிக்ஸ் சிப்பைக் கொண்டு வரையும் ஓப்பன்ஜிஎல் வழியாகத் திரைக்குக் காத்திருந்து ஃபிரேமை மாற்றும். விஎல்சியில் வெளியீட்டை எக்ஸ்வீடியோவிலிருந்து ஓப்பன்ஜிஎல்லுக்கு மாற்றினால் பல கணினிகளில் கோடு மறைகிறது. ஆனால் பிரவுசரில் ஓடும் வீடியோவுக்கு இதனால் பயனில்லை.

எம்பிவிக்கு நான் தரும் மதிப்பெண் வேறு காரணத்துக்கு. கிழிசல் போன பிறகுதான் இன்னொரு குறை கண்ணில் படும்: கேமரா மெதுவாகத் திரும்பும்போது ஒரு சின்ன உதறல். திரைப்படம் நொடிக்கு 24 ஃபிரேம், சரியாகச் சொன்னால் பல கோப்புகளில் 23.976. 60ஐ 24ஆல் வகுத்தால் இரண்டரை. அரை ஃபிரேமைக் காட்ட முடியாதே! எனவே ஒரு ஃபிரேம் மூன்று சுற்று, அடுத்தது இரண்டு சுற்று என்று நொண்டியடிக்கிறது. தொலைக்காட்சித் தொடர்கள் பலவும் 25 ஃபிரேம். பால் (PAL) ஒளிபரப்பு முறையில் வளர்ந்த நம் நாட்டு வழக்கம் அது. 50 ஹெர்ட்ஸில் அவை ஒவ்வொன்றும் சரியாக இரண்டு சுற்று நிற்கும்.

எம்பிவியின் ‘டிஸ்பிளே ரீசாம்பிள்’ என்ற அமைப்பு வீடியோ வேகத்தைத் திரையின் தாளத்துக்கு மிகச் சிறிதாக இழுத்து, ஒலியையும் அதற்கேற்பச் சரிசெய்கிறது. 23.976ஐ 24 ஆக்குவது ஆயிரத்தில் ஒரு பங்கு மாற்றம், காது கண்டுபிடிக்காது. திரையும் 24 ஹெர்ட்ஸில் இருந்தால் இந்த இழுப்பே போதும். கோடி மென்பொருள் வேறு வழியில் போகிறது: ஒவ்வொரு படத்துக்கும் ஏற்றபடி டிவியின் ரெஃப்ரெஷ் ரேட்டையே மாற்றிவிடும். டிவியோடு இணைத்த கணினிக்கு நான் கோடியைத்தான் சொல்வேன். மேசை மானிட்டர் பல 24, 50 ஹெர்ட்ஸை ஏற்காது, அங்கே எம்பிவி; ஆனால் 60 ஹெர்ட்ஸில் அந்த மூன்று-இரண்டு நொண்டல் இந்த இழுப்பால் மட்டும் முழுதாகப் போகாது. 120 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியையே தாண்டலாம். 24 அதில் ஐந்து ஐந்தாகப் பிசிறில்லாமல் வகுபடும்.

வேலண்ட்

எக்ஸார்க்குக்கு மாற்றாக 2008இல் தொடங்கிய இந்தத் திட்டம், அரைகுறை ஃபிரேம் திரைக்குப் போகவே கூடாது என்ற எண்ணத்தில் கட்டப்பட்டது. தனியாகக் கம்பாசிட்டர் கிடையாது. திரையை ஆள்வதே கம்பாசிட்டர். ஒவ்வொரு திரைக்கும் தனித்தாளம் என்பதால் மேலே சொன்ன 50, 60 சண்டையும் இல்லை. உபுண்டு லினக்ஸ் தன் 17.10 பதிப்பில் இதை இயல்பாக வைத்து, 18.04இல் பின்வாங்கி, 21.04இல் மறுபடி கொண்டுவந்தது. இன்டெல், ஏஎம்டி கணினி என்றால் லாகின் திரையில் பற்சக்கரத்தை அழுத்தி வேலண்ட் செஷனைத் தேர்ந்தெடுங்கள். வேறெதையும் தொட வேண்டாம். என்விடியாவில் இது நிம்மதியானது 2024இல் வந்த 555 டிரைவருக்குப் பிறகுதான். லினக்ஸ் மின்டின் சின்னமன் டெஸ்க்டாப்பில் வேலண்ட் அதே ஆண்டு 21.3 பதிப்பில் சோதனை நிலையில் சேர்ந்தது, எக்ஸ்எஃப்சிஇ 4.20இலும் சோதனை நிலைதான். அந்த இரண்டிலும் இருப்பவர்கள் எக்ஸார்க்கிலேயே இருந்து டேர்ஃப்ரீ போடுவது மேல்.

ஃபிரேம் வரும் வேகத்துக்கு ஏற்பத் தன் தாளத்தை மாற்றிக்கொள்ளும் ஃப்ரீசிங்க் மானிட்டர் வாங்கினால் தீருமா என்று கேட்பார்கள். வீடியோவுக்காக வாங்க வேண்டாம். மலிவு மானிட்டர்கள் பலவற்றில் அதன் வரம்பு 48 ஹெர்ட்ஸில்தான் தொடங்கும்; 24 ஃபிரேம் படம் அதற்குப் பாதி.

எதைத் தேர்ந்தாலும் ஒன்றை மட்டும் வையுங்கள். டிரைவரில் டேர்ஃப்ரீயும் பிகாமில் விசிங்கும் சேர்த்துப் போட்டால் ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு வாசலில் காத்திருக்கும். கிழிசல் போய் உதறல் வரலாம். டேர்ஃப்ரீ போட்டிருந்தால் பிகாமில் விசிங்கை அணைத்துவிட்டு, அந்தப் பேருந்துக் காட்சியை முழுத்திரையில் இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள்.