ட்ரோன் ரிமோட்டுக்கு "12 டிபிஐ ரேஞ்ச் ஆன்டெனா" மாட்டப் போறவங்க, காசு அனுப்புறதுக்கு முன்னாடி இத படிச்சிருங்க

பொள்ளாச்சி பக்கம் கல்யாணம், சீர், காதுகுத்துன்னு வீடியோ எடுக்குறவன் நான். 2021-ல வாங்குன டிஜேஐ மினி 2 வெச்சிருக்கேன், 249 கிராம் ட்ரோன், மேல மொபைல மாட்டுற மாதிரி சாம்பல் கலர் ரிமோட்டு. இத்தன வருஷத்துல ஒரு கொறை சொல்ல முடியாது. ஒரே கஷ்டம் தென்னந்தோப்புதான். 10 கிலோமீட்டர்னு சொல்றாங்களே, அது அமெரிக்காவோட எஃப்சிசி பவர் அளவுல, எதுக்க ஒரு மரங்கூட இல்லாத வெட்டவெளில கிடைக்கிற கணக்கு, ஐரோப்பாவோட சிஇ அளவுல அதே ட்ரோனுக்கு கம்பெனியே 6 கிலோமீட்டர்தான் சொல்லுது. நம்ம தோப்புக்குள்ள நின்னுட்டு பறக்க விட்டா எழுநூறு எண்ணூறு மீட்டர்லயே படம் விட்டு விட்டு வரும். பச்ச ஓலைல இருக்குற ஈரம் சிக்னல நல்லா இழுத்துக்கும்.

இந்தக் கஷ்டத்துலதான் போன ஐப்பசி மாசம் இன்ஸ்டால ஒரு ரீல் கண்ணுல பட்டுச்சு. ரிமோட்ட பிரிச்சு உள்ள இருக்குற ஆன்டெனாவ எடுத்துட்டு வெளிய ரெண்டு பெரிய ஆன்டெனா மாட்டித் தருவாங்களாம், 12 டிபிஐயாம் (ஆன்டெனா சிக்னல எவ்ளோ குவிக்குதுங்கிற அளவுதான் டிபிஐ), 15 கிலோமீட்டர் கேரண்டியாம், 6,800 ரூபா, கூரியர் தனி. வாட்ஸப்ல ரெண்டே கேள்விதான் கேட்டேன். மினி 2 வந்து 2.4 கிகாஹெர்ட்ஸ், 5.8 கிகாஹெர்ட்ஸ் ரெண்டுலயும் ஓடும், உங்க ஆன்டெனா ரெண்டுக்கும் செட் ஆகுமா, அளந்து பாத்த கிராஃப் ஏதாச்சும் இருக்கா. அதுக்கு ஒரு வாய்ஸ் நோட்டு வந்துச்சு, "ப்ரோ அந்த டெக்னிகல் எல்லாம் உங்களுக்கு வேணாம், நாங்க முன்னூறு செட்டுக்கு மேல போட்டாச்சு, நம்பி அனுப்புங்க". கேட்ட கேள்விக்கு பதிலே வரல. அங்கயே நான் நின்னுருக்கணும்ங்க. கல்யாண சீசன் வருதேங்கிற அவசரத்துல ஜிபே பண்ணி ரிமோட்டயும் அனுப்பிட்டேன்.

ஒம்பது நாள் கழிச்சு திரும்ப வந்துச்சு. மேல் பக்கம் ரெண்டு ஓட்டை போட்டு பித்தள சாக்கெட் வெச்சு, அதுல விரல் தண்டி ரெண்டு கறுப்பு குழாய், ஒவ்வொண்ணும் 17 சென்டிமீட்டர், வெள்ளை எழுத்துல 12 டிபிஐ. மொட்டமாடில நின்னு நூத்தம்பது மீட்டர் விட்டுப் பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. அந்த தூரத்துக்கு எந்த ஆன்டெனாவும் நல்லாத்தான் இருக்கும்ங்கிறது அப்ப தோணல.

கார்த்திகைல ஒரு தோப்பு வீட்டுக் கல்யாணம். பொண்ணு மாப்ள ரேக்ளா வண்டில தோப்பு வழியா வந்து எறங்கறாங்க, அத மேல இருந்து எடுக்கணும்னு அந்த வீட்டு பெரியவரு ஒரு மாசமா சொல்லிட்டே இருந்தாரு. வண்டி கெளம்புச்சு, ட்ரோன் பின்னாடியே போச்சு, ஸ்க்ரீன்ல தூரம் 230, 240 ஓடுது, பொட்டுனு படம் ஒறஞ்சு சாம்பல் கலராயிருச்சு. கன்ட்ரோலும் இல்ல. நான் ஆன்டெனா மாத்தறதுக்கு முன்னாடி இதே ரிமோட்டுல எழுநூறு மீட்டர் போய்ட்டு வந்த அதே மாதிரி தோப்புங்க அது. ட்ரோன் தானா திரும்பி வர்ற மோடுக்கு மாறிருச்சு, ஆனா மினி 2-ல முன்னாடி இருக்கறத பாக்குற சென்சார் கெடயாது, வர்ற வழில ஓலைல மோதி கீழ விழுந்துருச்சு. ஓலை சரசரன்னு சத்தம் கேட்டதும் எனக்கு வயிறு கலங்கிருச்சு. போய்ப் பாத்தா கேமரா தாங்குற கிம்பல் ஒடஞ்சு ஒத்த வயருல தொங்குது. 2022 பிப்ரவரி 9-ல இருந்து வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கே தடை, புதுசு வாங்குறது கஷ்டம், பழைய ட்ரோன்ல இருந்து கழட்டுன கிம்பல் தேடிப் பிடிச்சு மாத்த 11,000 ஆச்சு. அதவிட, வீடியோ குடுக்கப் போனப்ப அந்த பெரியவரு "ஏந்தம்பி, வண்டில வந்து எறங்கறது மட்டும் காணமே" அப்படின்னு மெதுவா கேட்டாரு பாருங்க, அது இன்னும் மனசுல கெடக்குது. ட்ரோனுக்கு வாங்குன காச அங்கயே திருப்பிக் குடுத்துட்டேன்.

அப்புறம் உடுமலைல ஹாம் ரேடியோ (பொழுதுபோக்குக்கு ஓட்டுற வயர்லெஸ்) லைசென்ஸ் வெச்சிருக்குற நண்பர் ஒருத்தர்கிட்ட ரிமோட்ட கொண்டு போனேன். அவரு மொதல்ல ஆன்டெனாவ திருகி எடுத்து அடியில பாக்கச் சொன்னாரு. ரிமோட்டு சாக்கெட்டு நடுவுல ஓட்டை, ஒரு ஆன்டெனாவோட நடுவுலயும் ஓட்டை! ஒரு பக்கம் ஊசி இருந்தாத்தான் இன்னொரு பக்கம் ஓட்டைல போய் தொடும். அதாவது சாக்கெட்டு சாதா எஸ்எம்ஏ (ஆன்டெனா திருகி மாட்டுற ஒரு வகை கனெக்டர்), அந்த ஆன்டெனா வைஃபை ரவுட்டர்ல வர்ற, ஊசியும் ஓட்டையும் எடம் மாறி இருக்குற ரிவர்ஸ் எஸ்எம்ஏ. மறை அருமையா ஏறும், ஆட்டுனா ஆடாது, ஆனா உள்ள ஒண்ணும் தொடாது. அந்தப் பக்கம் ஆன்டெனாவே இல்லாம ஓட்டுன மாதிரி. அப்படி ஓட்டுனா அனுப்புற பவர் திரும்பி உள்ளயே வந்து ரிமோட்டுல இருக்குற ஐசி போறதுக்குகூட வாய்ப்பு இருக்காம்.

இன்னொண்ணுல ஊசி இருந்துச்சு. அத ஆன்டெனாவ அளக்குற அவரோட சின்ன விஎன்ஏ மிஷின்ல மாட்டுனாரு, 2.4-ல எஸ்டபிள்யூஆர் (பவர் எவ்ளோ திரும்பி வருதுங்கிறத காட்டுற அளவு) 6 காட்டுச்சு. நல்ல ஆன்டெனான்னா 2-க்குள்ள இருக்கணும், 6-ன்னா அனுப்புற பவர்ல பாதி அப்படியே திரும்பி வந்துருது. சரி அறுத்தே பாத்துருவோம்னு ஹேக்ஸா பிளேடு போட்டு குழாய நீட்டா பொளந்தோம். உள்ள மெல்லிசா ஒரு கேபிள், நுனில மேல் உறையயும் வலையயும் சீவி விட்டுட்டு நடுக்கம்பி மட்டும் 3 சென்டிமீட்டர் நீட்டிட்டு இருக்கு, ஆடாம இருக்க ஒரு சொட்டு ஹாட் க்ளூ. அவ்ளோதான். மிச்சம் 14 சென்டிமீட்டர் வெறும் காத்து. 6,800 ரூபாய்க்கு அந்தக் கம்பி.

அவரு சொன்ன இன்னொரு விஷயத்த எல்லாரும் மனசுல வெச்சுக்கங்க. ஆன்டெனா புதுசா பவர் உண்டாக்காது, இருக்கற பவர ஒரு பக்கமா குவிக்கும், டார்ச் லைட்டு ஃபோகஸ் மாதிரி. வெட்டவெளிலயே தூரம் ரெண்டு மடங்கு ஆகணும்னா 6 டெசிபல் கூடணும், அதாவது டிபிஐ 6 கூடணும். ரவுட்டர்ல வர்ற குச்சி ஆன்டெனால நெசமாவே 9 டிபிஐ வேணும்னா அது முக்கால் முழ நீளம், 38 சென்டிமீட்டர் கிட்ட வரும். அப்பறம் 17 சென்டிமீட்டர்ல 12 எங்கிருந்து வரும்? அப்படியே நெசமா 12 இருந்தாலும் குச்சி ஆன்டெனால அது தோசை மாதிரி தட்டையாத்தான் பரவும், ட்ரோன் தலைக்கு மேல ஏறுனா சிக்னலே கெடைக்காது. யாகி ஆன்டெனா (பழைய மொட்டமாடி டிவி ஆன்டெனா மாதிரி குறுக்குக் கம்பி வெச்சது) ஒரு பக்கமா நல்லா குவிக்கும், ஆனா அதோட கம்பி நீளமெல்லாம் ஒரு அலைவரிசைக்குன்னு வெட்டுனது, 2.4-க்கு வெட்டுனது 5.8-க்கு ஆகாது.

பணத்த கேட்டேன். மொதல்ல "உங்க ஏரியால இன்டர்ஃபரன்ஸ்"னாங்க, அப்பறம் "9,000-க்கு பூஸ்டர் பெட்டி ஒண்ணு சேத்து போட்டா சரியாயிரும்"னாங்க. அதுலயும் விழுந்துராதீங்க. அனுப்புறத மட்டும் பெருசாக்குற பூஸ்டர் வெச்சா ரிமோட்டு பேசுறது ட்ரோனுக்கு சத்தமா கேக்கும், ட்ரோன் அனுப்புற வீடியோ அதே பழைய பவர்லதான் வரும், ஸ்க்ரீன் அதே எடத்துல கறுத்துரும். அறுத்த ஆன்டெனா ஃபோட்டோவ அனுப்புனதும் "நீங்களே ஒடச்சிட்டீங்க, வாரன்டி போச்சு"ன்னு சொல்லி என்னைய பிளாக் பண்ணிட்டாங்க. 1915-க்கு அடிச்சு நுகர்வோர் புகார் பதிஞ்சிருக்கேன், இன்னும் பதில் வரல.

இப்ப நான் பழையபடி உள் ஆன்டெனாவையே மாட்டி, ஓட்டைய எம்சீல் வெச்சு அடச்சு ஓட்டிட்டு இருக்கேன். தோப்ப விட்டு வெளிய வந்து வரப்பு மேலயோ மாடிலயோ நின்னுக்கறேன், ரிமோட்டு மேல்பக்கம் ட்ரோன பாத்த மாதிரி வெச்சுக்கறேன், மண்டபத்துல வைஃபை நெறய இருந்தா செட்டிங்ஸ்ல 5.8-க்கு மாத்திக்கறேன். அதுக்கே தொள்ளாயிரம் மீட்டர் வரைக்கும் படம் நிக்குது, ஒரு ரூபா செலவில்ல. கட்டாயம் ஏதாச்சும் வேணும்னா ரிமோட்ட பிரிக்காம வெளிய மாட்டுற, சிக்னல ட்ரோன் பக்கமா திருப்பி விடுற ரிஃப்ளெக்டர் தகடு வாங்கிப் பாருங்க, ஒத்துவரலன்னா கழட்டி வெச்சிரலாம். பிரிச்சுதான் மாட்டணும்னு யாராச்சும் சொன்னா ரெண்டு அலைவரிசைக்கும் அளந்த எஸ்டபிள்யூஆர் கிராஃப கேளுங்க, உங்களுக்கு வர்ற அதே ஆன்டெனாவ மிஷின்ல மாட்டி வீடியோ அனுப்பச் சொல்லுங்க.

17 சென்டிமீட்டர் கறுப்பு குழாய், வெள்ளை எழுத்துல 12 டிபிஐ, அடியில மடக்குற மூட்டு. இதே ஐட்டத்துக்கு ஏற்கனவே ரிமோட்ட கூரியர்ல போட்டுட்டு காத்திட்டு இருக்கீங்கன்னா இன்னிக்கே ஃபோன் போட்டு, ஓட்டை போடறதுக்கு முன்னாடி அப்படியே திருப்பி அனுப்பச் சொல்லிருங்க.