குறிப்பில்லாத படம், மூன்று கேள்விகள்

நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் நடத்தும் 'லேர்னிங் நெட்வொர்க்' தளத்தில், பள்ளி நடக்கும் மாதங்களில் வாராவாரம் விளக்கக் குறிப்பை நீக்கிய ஒரு செய்திப்படம் வரும். உயர்நிலை ஆங்கில வகுப்பின் முதல் 10 நிமிடத்துக்குக் கச்சிதமான சரக்கு. கேள்விகள் மூன்றே: படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தென்படுகிறது?

உயிர் இரண்டாவதில்தான் இருக்கிறது. ஊகத்துக்குச் சான்று கேட்பதால், கட்டுரையில் ஆதாரம் காட்டும் பழக்கம் சத்தமில்லாமல் படிகிறது.

1 நிமிடம் பேசாமல் பார்க்கட்டும், 4 நிமிடம் எழுதட்டும், மீதி 5 நிமிடம் பேச்சு. பேச்சை முதலில் வைத்தால் கெட்டது. வாய் முந்துகிற இரண்டு பேர் சொன்னதையே வகுப்பு முழுக்க எழுதி வைக்கும். ஆசிரியர் 'சரி' என்று தலையாட்டினாலும் ஊகம் அங்கேயே நின்றுவிடும். மாணவர் சொன்னதை வேறு சொற்களில் திருப்பிச் சொன்னால் போதும்.

கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் வேண்டாம், முக்கியமான துப்பு நிறத்தில் இருக்கலாம். விடை, அதாவது நீக்கிய குறிப்பு, சில நாள் கழித்தே வெளியாகும். பழைய படங்களுக்கோ அது அதே பக்கத்தின் அடியில் இருக்கிறது. பக்கத்தை அப்படியே திரையில் ஓட்டாமல் படத்தை மட்டும் தனியே எடுத்துக் காட்டுங்கள்.

இலக்கண வேலைக்கு மட்டும் இது உதவாது.