மருதமுனைத் தறிக்கூடமொன்றின் இலைச்சாயத் துணிகள்

கல்முனைக்கு வடக்கே, மட்டக்களப்பு வீதியை ஒட்டியிருக்கும் மருதமுனை கைத்தறிக்குப் பெயர்போன ஊர். இரசாயனச் சாயமேற்றிய நூலே வழமையாக ஓடும் அவ்வூரில், இலைகளிலிருந்து தாமே சாயம் இறக்கி நெய்யும் ஒரு சிறிய தறிக்கூடத்தில் இடுப்பில் உடுக்கும் சாரமொன்றும் சால்வைகள் சிலவும் வாங்கினேன்.

சாயம் இறக்க இவர்கள் மெதனோல் போன்ற கரைப்பான் எதையும் பயன்படுத்துவதில்லை. நிழலில் உலர்த்தி இடித்த கொய்யா இலையை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் 60 முதல் 80 பாகைக்குள் சூடாக்கி, துணியில் வடிக்கின்றனர். கொதித்தால் நிறம் மங்கிவிடும் என்று, பாத்திரத்தின் ஓரத்தில் சிறு குமிழிகள் கட்டியதுமே அங்குள்ள பெரியவர் விறகை வெளியே இழுத்துவிடுகிறார். சக்கை தென்னையடிக்குப் போகிறது. மூலையில், நகைக்கடைகளில் நகை கழுவும் மீயொலித் தொட்டியொன்றும் உண்டு. ஒலியதிர்வால் நீரில் தோன்றும் நுண்குமிழிகள் உடையும்போது இலையின் கலச்சுவர்கள் கிழிந்து, குறைந்த சூட்டிலேயே சாயம் விரைவாக இறங்கும் என்பது உண்மைதான். ஆயினும் சில லீற்றர் மட்டுமே கொள்ளும் அத்தொட்டியைவிட, மின்சாரம் கேட்காத அந்த இரவு ஊறலுக்கே என் வாக்கு.

கொய்யா இலைச் சாயத்தை அன்னபேதி என்னும் இரும்பு உப்பால் கருக்கவைத்த சாம்பல்நிறச் சாரம் பலமுறை தோய்த்தும் வெளுக்கவில்லை. மாவிலை மஞ்சளின்மேல் அவுரி நீலம் ஏற்றிய பச்சைச் சால்வையோ, வெயிலில் காயப்போட்டதில் மஞ்சள் முதலில் கழன்று, மடிப்பின் வெளிப்பக்கம் நீலம் பாரித்துவிட்டது. மருதோன்றிச் சால்வையும் ஏமாற்றமே: உள்ளங்கையைச் சிவக்கவைக்கும் லோசோன் என்னும் நிறப்பொருள் தோல், மயிர், பட்டு முதலிய புரதப் பொருள்களில் பற்றும் அளவுக்குப் பருத்தியில் பற்றாது என்பதால், கிடைத்தது மங்கிய தவிட்டு நிறந்தான். அதைப் பட்டுநூலில் முயன்றிருக்க வேண்டும்.

குரோமியம், செப்பு உப்புகளைத் தவிர்த்துப் படிகாரத்தையும் கடுக்காயையும் கொண்டே பெரும்பாலும் நிறத்தை நிலைநிறுத்துவது பாராட்டத்தக்கது. ஆனால் அன்னபேதி கலந்த கழுவுநீரை முற்றத்து மணலிலேயே ஊற்றுகின்றனர். ஆழமில்லாத கிணறுகளை நம்பியிருக்கும் கரையோர மணற்பாங்கான ஊரில் இது சரியன்று. அந்நீரைச் சுண்ணாம்பிட்டுத் தெளியவைத்தால் இரும்பு அடியில் படிந்துவிடும், செலவும் பெரிதில்லை.

விலை சாதாரணக் கைத்தறிச் சாரத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு. சாம்பல்நிறத்துக்கு அதைத் தயங்காமல் கொடுக்கலாம். பச்சையை வாங்குவோர் நிழலில் உலர்த்த இடமிருந்தால் மட்டும் வாங்கவும்.